சூரியனைப் பிடிக்கும் முன் கசிவைப் பிடிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுக்கரு இணைவு, அதாவது சூரியனில் நடப்பதுபோல் லேசான அணுக்கருக்களைச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் முயற்சி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் தலைப்பில் இரண்டு எண்கள்தான் இருக்கின்றன: எத்தனை கோடி டிகிரி, எத்தனை வினாடி. 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் இணைவு இயந்திரம் பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் அயனியாகும் அளவு சூடேறிய வாயுவை, 1,066 வினாடி அணையாமல் வைத்திருந்தது. அடுத்த மாதமே பிரான்ஸின் வெஸ்ட் 1,337 வினாடி வைத்திருந்தது. இரண்டும் பெரிய சாதனைகள்தான். ஆனால் அந்த 22 நிமிடத்துக்காக எத்தனை ஃபிளேஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) கழற்றி மாட்டப்பட்டது, எத்தனை லீக் அடைக்கப்பட்டது என்று யாரும் எழுதுவதில்லை. இணைவு இயந்திரத்தை ஓட்டுவதில் பெரும்பங்கு ஓசூர் சிப்காட்டில் தினமும் நடக்கும் வேலைதான்: வாக்யூம் பிடிப்பது, கசிவு தேடுவது, தண்ணீரின் கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) குறிப்பது, எர்த் அளப்பது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பொறியியலும் ஐ.டி.ஐ.யும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம். இடத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

ஈஸ்ட், வெஸ்ட் எல்லாம் டோகமாக் வகை. டோகமாக் என்பது லாரி டியூபைப் போன்ற வளையத் தொட்டி. சுற்றிலும் காந்தச் சுருள்கள், உள்ளே ஹைட்ரஜன் வகை வாயு. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989 முதல் ஓடிய ஆதித்யா, 2016இல் ஆதித்யா-யு என்று புதுப்பிக்கப்பட்டது. வளையத்தின் மையத்திலிருந்து குழாயின் நடுவரை 75 செ.மீ., குழாயின் ஆரம் 25 செ.மீ. அதே வளாகத்தில் மீக்கடத்தி (மின்தடை இல்லாத) சுருள்கள் கொண்ட எஸ்.எஸ்.டி-1 இருக்கிறது. பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் இவற்றைவிடப் பல மடங்கு பெரியது. அதைச் சுற்றி நிற்கும் சுமார் 30 மீட்டர் உயர கிரையோஸ்டாட் (குளிர் காக்கும் வெற்றிடக் கூடு) குஜராத்தின் ஹசிராவில் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டது. தொட்டியின் இரட்டைச் சுவருக்கு நடுவே அடுக்கும் கவசக் கட்டைகள், நமக்கு எல்லை தாண்டினால் வந்துவிடும் பெங்களூருவில் செய்யப்பட்டவை.

10 கோடி டிகிரியில் இரும்பு உருகாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரிய இயந்திரத்தில்கூட பிளாஸ்மாவின் அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் சுமார் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. சூடு அதிகம், சரக்கு குறைவு. சுவரைத் தொட்டால் பெரும்பாலும் பிளாஸ்மாதான் அணையும். சரக்கு இவ்வளவு குறைவு என்பதுதான் பராமரிப்பவர்களுக்குத் தலைவலி. சிறிய டோகமாக்கில் ஷாட் (ஒருமுறை பிளாஸ்மா ஓட்டுவது) தொடங்கும்போது உள்ளே விடும் ஹைட்ரஜன், ஒரு மில்லிபாரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு அழுத்தத்தில் இருக்கும். அதில் கொஞ்சம் ஆக்சிஜனோ நீராவியோ கலந்தால், அந்தக் கன அணுக்கள் சூட்டை ஒளியாகக் கக்கிவிடும். பிளாஸ்மா குளிர்ந்து நின்றுபோகும். எனவே ஹைட்ரஜன் விடுவதற்கு முன் தொட்டியை ஒரு மில்லிபாரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை இறக்கியாக வேண்டும்.

இறக்குவது படிப்படியாகத்தான். ரோட்டரி அல்லது டிரை பம்ப் நூறில், ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபார் வரை கொண்டுவரும். அதற்குப் பிறகுதான் டர்போ பம்பைத் திறக்க வேண்டும். நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுற்றும் அதன் பிளேடுகள்மேல் திடீரென்று காற்று பாய்ந்தால் உடைந்துபோகும். கரன்ட் போகும் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரோட்டரி பம்ப் நின்றதும் அதன் வால்வு தானாக மூடாவிட்டால், தொட்டியின் வெற்றிடம் பம்ப் ஆயிலையே பின்னோக்கி இழுக்கும். ஆயில் ஒருமுறை உள்ளே போய்விட்டால் அதைத் துடைத்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கரன்ட் இருந்தால் திறந்து, போனால் மூடிக்கொள்ளும் வால்வுதான் போட வேண்டும். டோகமாக்கில் கூடுதல் தொல்லை ஒன்று: காந்தப்புலத்துக்குள் சுழலும் ரோட்டரில் சுழல் மின்னோட்டம் எழுந்து அது சூடேறும். அதனால் டர்போ பம்பை நீளமான குழாய் போட்டுத் தள்ளி வைப்பார்கள், அல்லது மெல்லிரும்பு உறைக்குள் வைப்பார்கள்.

கேஜ் படிப்பதிலும் ஏமாறலாம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிறது. தொட்டியைத் திறந்து வைத்தாலே 910 மில்லிபார் அளவுதான் காட்டும். 1,013 வரவில்லை என்று கேஜைத் திருகிச் சரிசெய்யக் கூடாது. வாயு சூட்டைக் கடத்துவதை வைத்து அழுத்தம் காட்டும் பிரானி கேஜ் நைட்ரஜனுக்கு அளவிடப்பட்டது. ஹைட்ரஜனிலோ ஹீலியத்திலோ காட்டும் எண் வேறாக இருக்கும். மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அயனி கேஜை ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபாருக்கு மேல் போட்டால் இழை கருகும்.

இனி கசிவு. ஒரு டோகமாக் ஷட்டவுனின் பாதி நாள் இதிலேயே கழியும் என்றால் மிகையில்லை.

அழுத்தம் இறங்கவில்லை என்றால் உடனே ஹீலியம் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரக் கூடாது. முதலில் பம்ப் வால்வை மூடிவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி ஏறிப் படுத்துவிட்டால், சுவரில் ஒட்டிய ஈரமும் அழுக்கும் விடும் வாயு. அதற்கு வேண்டியது பேக்கிங், அதாவது தொட்டியைச் சூடேற்றி உலர்த்துவது. லீக் டெஸ்ட் வீண். எஞ்சிய வாயுவைப் பிரித்துக் காட்டும் கருவி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நிறை எண் 18 ஓங்கி நின்றால் நீராவி. 28உம் (நைட்ரஜன்) 32உம் (ஆக்சிஜன்) ஏறத்தாழ நாலுக்கு ஒன்று என்று நின்று, கூடவே 40இல் ஆர்கான் தலைகாட்டினால் வெளிக்காற்று. 43, 57 என்று பதினாலு பதினாலாகத் தள்ளிக் கூட்டம் தெரிந்தால் ஆயில்.

காற்றுதான் என்று உறுதியான பிறகு ஹீலியம். தொட்டியோடு ஹீலியம் டிடெக்டரை இணைத்து, வெளியே ஜாயின்ட்டுகளில் ஊசியால் ஹீலியம் விட வேண்டும்; துளை வழியே அது உள்ளே போனால் டிடெக்டரின் முள் ஏறும். டிடெக்டரை முதலில் ஸ்டாண்டர்ட் லீக் (அளவு தெரிந்த கசிவு) வைத்து அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். ஹீலியம் மேலே போகும் வாயு என்பதால் தொட்டியின் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். ஊசி முனையைத் தண்ணீரில் வைத்தால் வினாடிக்கு ஓரிரண்டு குமிழி வரும் அளவு போதும். அதிகம் அடித்தால் ஹால் முழுக்க ஹீலியம் பரவி, எங்கே வைத்தாலும் முள் ஏறும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்குக் கணக்கு உண்டு: தொட்டியின் கொள்ளளவை பம்பின் வேகத்தால் வகுக்க வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி, வினாடிக்கு 100 லிட்டர் பம்ப் என்றால் 10 வினாடி. அதன் மூன்று மடங்கு, அதாவது 30 வினாடி, ஓரிடத்தில் நிற்க வேண்டும். அவசரப்பட்டு நகர்ந்தால் முந்தைய ஜாயின்ட்டின் கசிவு அடுத்த ஜாயின்ட்டின் கணக்கில் ஏறும். பக்கத்துப் பக்கத்து ஃபிளேஞ்சுகளில் எது என்று சந்தேகம் வந்தால், ஒன்றைப் பாலித்தீனால் மூடி டேப் ஒட்டி, உள்ளே மட்டும் ஹீலியம் விட்டுப் பார்க்கலாம்.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் ரப்பர் ஓ-ரிங். ஹீலியம் ரப்பருக்குள்ளேயே ஊடுருவும். உண்மையான கசிவில் முள் சட்டென்று ஏறி, ஊசியை எடுத்ததும் இறங்கும். ஊடுருவலில் சில நிமிடம் கழித்து மெதுவாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். இதைக் கசிவு என்று நினைத்து நல்ல ஃபிளேஞ்சைக் கழற்றினால் தொட்டியில் காற்று ஏறியதுதான் மிச்சம்.

எவ்வளவு சிறிய கசிவைத் தேடுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. வினாடிக்கு மில்லிபார்-லிட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்பது வழக்கமான ஏற்பு அளவு. அந்தத் துளை வழியாக ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே போக 30 ஆண்டுக்கு மேல் ஆகும். இப்படிப்பட்ட துளையை ஒரு சொட்டு அசிட்டோனோ சோப்புத் தண்ணீரோ அடைத்துவிடும். டெஸ்ட் பாஸ், மறுவாரம் மறுபடி கசிவு. எனவே ஹீலியம் டெஸ்ட்டுக்கு முன்பு சோப்புக் குமிழி வேண்டாம். கழுவிய பாகத்தைச் சூடேற்றி உலர்த்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வெளியிலிருந்து எப்பாக்ஸி பூசி அடைப்பதும் இதே கதைதான். பேக்கிங் சூட்டில் விரிந்து பிளந்துகொள்ளும்.

கசிவு பிறக்கும் இடங்கள் பெரும்பாலும் நம் பட்டறைகளிலேயே தடுக்கக்கூடியவை. ஓ-ரிங் உட்காரும் முகத்தில் பாலிஷ் கோடு வட்டத்தின் போக்கிலேயே போக வேண்டும். குறுக்கே ஒரு கீறல் இருந்தால் அது உள்ளிருந்து வெளியே போகும் வாய்க்கால். ஆர்கான் வெல்டிங்கை முடிந்தவரை வாக்யூம் பக்கத்தில், உள்ளிருந்து போட வேண்டும். வெளியே மட்டும் போட்டால் உள்ளே இடுக்கு நிற்கும், அழுக்கு தேங்கும். இரு பக்கமும் முழுதாகப் போட்டால் நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். ஆர்க்கைத் திடீரென்று நிறுத்தினால் முடியும் புள்ளியில் நட்சத்திர விரிசல் விழும்; கரன்ட்டை மெல்ல இறக்கி முடிப்பவர்தான் வாக்யூம் வெல்டர். ஃபிளேஞ்ச் ஸ்டீலும் முக்கியம். உருட்டிய ராடைக் குறுக்கே அறுத்துக் கடைந்தால், உருக்கில் இருந்த கசடு இழை இழையாக ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஹீலியத்துக்குத் தெரியும். அதனால்தான் ஃபோர்ஜ் செய்த ஸ்டீல் கேட்கிறார்கள். விலை ஏன் அதிகம் என்று பர்ச்சேஸில் இருப்பவர்கள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

செம்பு கேஸ்கெட் ஒருமுறைக்குத்தான். ஃபிளேஞ்சின் கத்திமுனை ஏற்கனவே கடித்த தடத்தில் மறுபடி சரியாக உட்காராது. போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் முனை சாய்ந்து கடிக்கும். வெள்ளி முலாம் இல்லாத ஸ்டெயின்லெஸ் போல்ட் பேக்கிங்குக்குப் பிறகு நட்டோடு பிடித்துக்கொள்ளும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஹீலியத்துக்கும் அகப்படாத கசிவு ஒன்று உண்டு. உள்ளே, அடிமூடிய துளையில் முறுக்கிய ஸ்குரூவின் அடியில் சிக்கிய காற்று மரை வழியாக நாள்கணக்கில் ஒழுகும். வெளியே எவ்வளவு ஹீலியம் அடித்தாலும் முள் அசையாது. ஸ்குரூவின் நடுவில் நெடுக ஓட்டை போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. டிராயிங் போடும்போதே செய்ய வேண்டிய வேலை அது. மாட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பேக்கிங் என்பது தொட்டியை 150, 200 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, நாள்கணக்கில் பம்ப் செய்து, மெதுவாக இறக்குவது. வேகமாக ஏற்றினால் செராமிக் ஃபீட்-த்ரூ (சுவர் வழியே மின்கம்பியை உள்ளே விடும் இணைப்பு) விரிசல் விடும். சோதித்து முடித்த தொட்டியில் புதுக் கசிவு வந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோ ஹீலியமோ விட்டு, சில நூறு வோல்ட்டில் மின்னொளிர்வு ஏற்படுத்திச் சுவரைச் சுத்தம் செய்வார்கள். ஸ்டீலின் மேற்பரப்பைக் கடினமாக்கும் பிளாஸ்மா நைட்ரைடிங் ஃபர்னஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஊதா ஒளி பழக்கமானது. அங்கே அழுத்தம் அதிகம், வாயு வேறு, அவ்வளவுதான். கடைசியாகச் சுவரில் லித்தியமோ போரானோ மெல்லிதாகப் பூசுவார்கள். அது எஞ்சிய ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியைத் திறக்கும்போது அறைக்காற்றை விடவே கூடாது, உலர்ந்த நைட்ரஜன்தான். ஐப்பசி மழையில் அறைக்காற்றை விட்டால் சுவரெல்லாம் நீர்ப்படலம் ஒட்டிக்கொள்ளும். செய்த பேக்கிங்கை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

இவ்வளவு கவனித்தும் பெரிய இயந்திரங்களில் தவறுகிறது. எஸ்.எஸ்.டி-1 முதலில் கட்டப்பட்டபோது சுருள் இணைப்புகளிலும் ஹீலியம் கசிவிலும் சிக்கல் வந்தது. பிரித்து, இணைப்புகளை மாற்றி, சுருள்களைத் தனித்தனியே குளிரவைத்துச் சோதித்துத் திரும்பக் கட்டிய பிறகுதான் 2013 ஜூனில் முதல் பிளாஸ்மா வந்தது. ஈட்டரில் வெப்பக் கவசத்தின்மேல் ஓடும் குளிர்விப்புக் குழாய்களில் 2.2 மி.மீ. ஆழம் வரை விரிசல்கள் இருப்பதை 2022இல் அறிவித்தார்கள். குழாயை வளைத்து வெல்ட் செய்தபோது தேங்கிய இழுவிசை ஒரு பக்கம், வெல்ட்டை ஒட்டி எஞ்சியிருந்த குளோரின் கசடு மறுபக்கம். மொத்தம் 23 கி.மீ. குழாய்! குழியில் இறக்கி வைத்திருந்த தொட்டிப் பகுதியையே 2023இல் மறுபடி தூக்கி வெளியே எடுத்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குளோரைடு உள்ள தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடும் பட்டறைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் நம் மாவட்டங்களுக்கு நெருக்கமான விஷயம் வந்துவிடுகிறது. ஃபுளோரைடு காரணமாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வர வேண்டியிருந்த ஊர் இது. உப்புத் தண்ணீரும் ஆர்.ஓ. பிளான்ட்டும் இங்கே யாருக்கும் புதிதல்ல. டோகமாக்கின் செம்புச் சுருள்களுக்குள் துளை இருக்கும், சூட்டைத் தணிக்க அதில் டி.எம். வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஓடும். கண்டக்டிவிட்டி சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோ சீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். நம் போர்வெல் தண்ணீரில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். சுருளில் வோல்டேஜ் இருக்கும், தண்ணீர்க் குழாய் எர்த்தில் இருக்கும். நடுவே ரப்பர் ஹோஸ். தண்ணீர் கடத்தினால் ஹோஸ் வழியே கரன்ட் ஒழுகி, முனையிலுள்ள பித்தளை நிப்பிளை அரித்துத் தின்னும். கார்பன் கலந்த கறுப்பு ஹோஸே கடத்தும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கரைந்த ஆக்சிஜனையும் பார்க்க வேண்டும். மிகக் குறைவாக, அதாவது நூறு கோடியில் 20 பங்குக்குக் கீழே இருந்தாலும் செம்பு தாங்கும். பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் நிறைய இருந்தாலும் தாங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில்தான் செம்பு அதிகம் கரைந்து, ஆக்சைடு தூளாகிக் குறுகிய வளைவில் போய் அடைக்கும். ஃபுளோ ஸ்விட்சை மெயின் பைப்பில் ஒன்று மட்டும் வைத்தால் இது தெரியாது. இருபது பாதையில் ஒன்று அடைத்தாலும் மொத்த ஓட்டம் பெரிதாகக் குறையாது. அந்த ஒரு பாதை மட்டும் வெந்து இன்சுலேஷன் கருகும். ஒவ்வொரு பாதையின் திரும்பும் முனையிலும் தனித்தனி ஃபுளோ ஸ்விட்ச், தனித்தனி வெப்பமானி வேண்டும்.

மீக்கடத்திச் சுருள் என்றால் திரவ ஹீலியம், மைனஸ் 269 டிகிரி. ஹீலியத்தில் துளி ஈரமோ ஆயிலோ இருந்தால் உறைந்து குழாயை அடைக்கும். சுருளின் ஓரிடம் சூடேறி மீக்கடத்தல் போனால் சில நூறு மில்லிவோல்ட்டிலேயே அதைக் கண்டுபிடித்து, சுருளின் ஆற்றலை வெளி ரெசிஸ்டருக்குத் திருப்பிவிட வேண்டும். திரவ ஹீலியம் வாயுவானால் 700 மடங்குக்கு மேல் விரியும் என்பதால் ஹாலில் ஆக்சிஜன் அலாரம் கட்டாயம்.

ஷாட் நேரம் மிகச் சிறியது. ஆதித்யா-யு போன்ற இயந்திரத்தில் பிளாஸ்மா நீடிப்பது ஒரு வினாடிக்கும் குறைவு. அதற்கு முன்னால் ஒருவர் ஹாலை முழுதாகச் சுற்றி வந்து, யாரும் இல்லை, ஸ்பானர் எதுவும் விடுபடவில்லை என்று பார்த்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கன்ட்ரோல் ரூமில் செருக வேண்டும். அந்தச் சாவி இல்லாமல் சுருளுக்குக் கரன்ட் போகாது. வளையத் தொட்டியில் குறுக்கே இன்சுலேஷன் வெட்டு இருக்கும். அதை மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்து அன்றன்று பார்க்க வேண்டும். ஒரு இரும்புச் சீவல் அதைப் பாலம் போட்டால் தொட்டியே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி, உள்ளே வாயுவை அயனியாக்க வேண்டிய வோல்டேஜ் வராது. பிறகு வரிசையாக வளையத்தின் போக்கில் ஓடும் காந்தப்புலம், வாயு, 20 வோல்ட் அளவு சுற்று மின்னழுத்தம், ஒரு லட்சம் ஆம்பியருக்கு மேல் பிளாஸ்மா மின்னோட்டம். பிளாஸ்மா திடீரென்று குலைந்தால் சில மில்லிவினாடியில் அந்த மின்னோட்டம் தொட்டிச் சுவருக்கு மாறி இழுக்கும், வளைக்கும். கட்டுக்கடங்காமல் வேகமெடுத்த எலெக்ட்ரான்கள் சுவரில் துளையும் போடும், எக்ஸ்-ரேயும் கிளப்பும். வேலை முடிந்து கெப்பாசிட்டர் பேங்கைத் தொடுவதற்கு முன் எர்த் ராடு வைத்தால் மட்டும் போதாது, வைத்தபடியே விட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன கெப்பாசிட்டர் தானாகவே கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றிக்கொள்ளும்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறோம். பர்கூர், தருமபுரி அரசு பொறியியல் கல்லூரிகளிலும் இரு மாவட்ட ஐ.டி.ஐ.களிலும் வாக்யூம் பயிற்சி மேடை ஒன்று அமைக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் தொட்டி, ஒரு ரோட்டரி பம்ப், சிறிய டர்போ பம்ப் ஒன்று, பிரானி கேஜும் அயனி கேஜும், ஊசி வால்வு, 600 வோல்ட் டி.சி. சப்ளை. பேக்கிங், மின்னொளிர்வு, அழுத்த ஏற்றக் கணக்கு எல்லாவற்றையும் இதில் கற்றுக்கொடுக்கலாம். தெரிந்தே சில ஃபிளேஞ்சில் கீறல் போட்டு வைத்தால் மாணவர்கள் தேடிப் பழகுவார்கள். வீட்டிலும் கல்லூரிக் கண்காட்சியிலும் செய்கிற ஃபியூசர் என்ற சிறு இணைவுக் கருவியை மட்டும் இந்த மேடையில் முயலவே கூடாது. 20, 30 ஆயிரம் வோல்ட் அது. தொட்டால் உயிர் போகும், கண்ணாடி ஜன்னல் வழியாக எக்ஸ்-ரே வரும். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பொருந்தும். 600 வோல்ட்டில் எக்ஸ்-ரே தொல்லை இல்லை. ஆனால் அதுவும் ஷாக் அடிக்கும்; தொட்டியை எர்த் செய்யாமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது.

இவற்றோடு வேண்டிய ஹீலியம் லீக் டிடெக்டர்தான் விலை கூடியது. இரண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் மாற்றி மாதம் வைத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்ட் லீக்கை ஆண்டுதோறும் அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் செலவையும், ரோட்டரி பம்ப் ஆயில், செம்பு கேஸ்கெட் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும். கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் இரண்டாம் ஆண்டே அது துணி போர்த்தி மூலையில் நிற்கும்.

இப்படிக்கு,
வாக்யூம் ஃபர்னஸ், லீக் டெஸ்ட், டி.எம். பிளான்ட் பராமரிப்புப் பணியில் உள்ளவர்கள்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.